முதலில் இறங்கி நடக்கணும்

ஜீப் ஆற்றைக் கடக்கிறதென்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் சீறி எழும்பணும். வீடியோக்களில் நாங்கள் பார்த்து வளர்ந்தது அதுதான். மீமுரே, நக்கிள்ஸ் என்று திட்டம் போடும் எல்லோர் மனதிலும் அந்தக் காட்சிதான் ஓடும். அம்பிட்டிய பசங்க நாங்கள் பழகத் தொடங்கியதோ தலாத்துஓயா பக்கம், முழங்காலுக்குக் கீழே ஓடும் ஒரு சின்ன ஓடையில். பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அங்கேதான் நிதானமாகப் பழகலாம்.

முதலில் இறங்கி நடக்கணும். கையில் ஒரு கம்பு. எங்கே பள்ளம், எங்கே உருண்டைக் கல், எந்த இடத்தில் அக்கரை ஏறலாம் என்று காலால் பார்க்கணும். நடக்க முடியாத தண்ணியில் ஜீப்பும் இறங்கக் கூடாது. பிறகு லோ ரேஞ்ச், முதலாவது அல்லது இரண்டாவது கியர், நடை வேகம். நடுவில் கிளச்சை மிதிக்கக் கூடாது. முன்னால் ஒரு சின்ன அலை எழும்பும். அதன் பின்னால், எஞ்சின் பக்கம் தண்ணீர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த அலையை உடைக்காமல் போகணும். சீறியடித்துப் போனால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை மெதுவாக மிதித்துக் காயவைக்கணும்.

பழைய டிஃபெண்டருக்கே கம்பெனி சொன்ன ஆழம் 50 சென்டிமீட்டர்தான். வேகமாக ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கும். 60 என்றால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். மிதக்கத் தொடங்கினால் நாலு சக்கரமும் சுற்றி என்ன பிரயோசனம்?

மலைநாட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. இங்கே வெயிலடிக்கும், மேலே மழை கொட்டும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினால் கதை முடிந்தது, திரும்பணும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம்: வண்டியில் யார் "வேண்டாம்" என்றாலும் வேண்டாம்தான், விவாதமில்லை. கூட்டாளிகள் கிண்டலடிக்கும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி.

கீழே யாரோ குளிக்கிறார்கள், யாரோ பீலியில் குடம் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒயில் ஒழுகும் வண்டி இறங்கக் கூடாது. பாதை வெட்டும் இடத்தைத் தவிர ஓடைக்குள் ஓடவும் கூடாது.

ஒரு நாள் அடைமழையில் தோட்டத்துப் பாலம் உடையும், லயத்தில் யாருக்கோ சுகமில்லாமல் போகும், ஜீப்தான் ஒரே வழியாக இருக்கும். எந்தத் தண்ணியில் இறங்கலாம், எதில் காத்திருக்கணும் என்று தெரிந்த ஒருத்தர் அன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கணும்.