காஞ்சிக்கு ஸைக்கிளில் சென்றோம்

ஸைக்கிளில் காஞ்சீபுரம் போகப் போகிறோம் என்று சொன்னவுடனே நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏன், பஸ் ஓடவில்லையா?"

பஸ் ஓடத்தான் செய்கிறது. ரயிலும் ஓடுகிறது. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, கோயில்களைத் தரிசித்து, பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அப்படியிருக்க, நாற்பது வயதைத் தாண்டிய பதினோரு உபாத்தியாயர்கள் - அவர்களில் மூவர் பெண்மணிகள் - ஸைக்கிளில் ஏறுவானேன்?

காரணம் உண்டு. காஞ்சிக்கு அருகே காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1969-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி அந்த நோயினாலேயே காலமானார். அங்கே சிகிச்சைக்கு வரும் ஏழைகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு எண்ணம். நாங்கள் போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 ரூபாய் தருவதாக 84 பேர் வாக்களித்திருந்தார்கள். முழுத் தூரமும் சென்றால் 63,000 ரூபாய். பாதி வழியில் படுத்துவிட்டால் பாதிப் பணம்!

இந்த யோசனை எங்களுடைய சொந்தச் சரக்கல்ல. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர், 1980-ல் 36 பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரையில் ஸைக்கிளில் சென்றார். அந்த முதல் வருஷம் சேர்ந்தது 10,200 டாலர். வருஷந்தோறும் நடந்துவரும் அந்த யாத்திரை இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்திருக்கிறது. நூறு கோடிக்கு எங்கள் முழங்கால்கள் இடந்தரமாட்டா என்பது தெரியும். ஆயினும் துணிந்துவிட்டோம்.

ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கிண்டியிலிருந்து புறப்பட்டோம். பூந்தமல்லியைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த குளிர்ந்த காற்றில் பத்து வயது குறைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் அந்தப் பத்து வயதும் வட்டியுடன் திரும்பி வந்துவிட்டது. லாரிகள் எங்களை உரசுவதுபோல் பறந்தன. ஒருபுறம் ஆயிரம் வருஷங்களுக்கு முன் இராமாநுஜர் அவதரித்த ஊர். மறுபுறம் மோட்டார்த் தொழிற்சாலைகள். இடையே, 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி உயிர் நீத்த இடத்து நினைவகம். மூன்றையும் மோட்டாரில் போகிறவர் மூன்று நிமிஷத்தில் கடந்துவிடுகிறார். நாங்கள் இறங்கி நின்று, மூச்சு வாங்கி, பார்த்துச் சென்றோம்.

சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஒரு சக்கரம் காற்றிழந்தது. கணித உபாத்தியாயர், "60 கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் என்பது நியாயமான விகிதம்" என்று சமாதானம் சொன்னார். ஆனால் பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு சென்ற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 84 பேருடைய பத்து ரூபாய்கள்தாம் எங்களைப் பின்னாலிருந்து தள்ளின.

பொன்னேரிக்கரையில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பினோம். ஊருக்குள் நுழைந்து, கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தின் முன் நின்றபோது மணி பதினொன்று. சுமார் 59 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக் கழுத்து இசையவில்லை. பக்தியோடு களைப்பும் சேர்ந்து எங்களைத் தரையில் உட்கார்த்திவிட்டது.

காஞ்சிக்கும் தர்மத்துக்கும் உறவு பழையது. பஞ்சத்தால் வாடிய இந்நகரத்துக்கு அமுதசுரபியை ஏந்தி வந்து மணிமேகலை பசி தீர்த்தாள் என்பது காப்பியக் கதை. மந்தாரை இலை மணக்கும் குடலை இட்லியை உண்டு எங்கள் பசி தீர்ந்த பின், நாங்களும் ஏதோ சின்னஞ்சிறு அமுதசுரபி ஒன்றைத் தூக்கி வந்ததாகவே எண்ணிக் கொஞ்சம் கர்வப்பட்டோம். அந்தக் கர்வம் பிற்பகல் வரையில்தான் நீடித்தது.

எங்களில் ஒருவருடைய பழைய மாணவனின் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு அங்கே போனோம். பையனின் தகப்பனார் அறுபது வயதிருக்கும். தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் எழுந்து வந்து உபசரித்தார். ஸைக்கிளில் வந்த விவரத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"நாங்களும் நாற்பது வருஷமா மிதிக்கிறோம், வாத்தியார் ஸார். இருந்த இடத்தை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை!"

தறியில் அரக்குக் கரையுடன் பச்சைப் புடவை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. பட்டு கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆனால் அவை ஒன்றுகூடும் வித்தை காஞ்சியுடையது. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த வித்தைக்குக் கோர்வை என்று பெயர். புடவையின் உடல் ஒரு நிறம். கரைகள் வேறு நிறம். உடலின் இழையும் கரையின் இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒருவரால் ஆகிற காரியமல்ல. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் போட்டு வாங்க வேண்டும். இந்த வீட்டில் அப்படி உட்காருகிறவர் அவருடைய மனைவி.

எங்கள் யாத்திரையின் நோக்கத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"இவளுக்கும் அந்த வியாதிதான் வந்தது" என்றார் பிறகு. "சர்க்கார் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். குணமாகிவிட்டது. மருந்துக்கு ஒரு காசு வாங்கவில்லை. நீங்கள் பணத்தை எதற்குக் கொடுக்கப் போகிறீர்கள்?"

மருந்து வாங்குவதற்கு என்றோம்.

"நல்ல காரியம். ஆனால் எங்களுக்கு மருந்து குறைவில்லை, ஸார். மின்சாரச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம், ஐந்து வாரம் போய்வந்தோம். அவள் படுத்தால் மூன்றாவது நாடாவைப் போட ஆள் இல்லை. துணைக்கு நானும் போகவேண்டும். ஒருத்திக்கு வியாதி, இரண்டு பேருடைய கூலி நின்றது. அதற்குப் பின்னும் நான்கு மாசம் அவளால் தறியில் குந்த முடியவில்லை. உடம்பு தேறிவிட்டது, அப்போது வாங்கிய கடன் இன்னும் தேறவில்லை."

குறையாக அவர் இதைச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். நாங்கள்தான் தலை குனிந்தோம். யாத்திரைக்கு மூன்று மாதம் திட்டமிட்டோம். வழி எது, டயர் எது, தண்ணீர் எத்தனை லிட்டர் என்றெல்லாம் ஆராய்ந்தோம். யாருக்காகப் போகிறோமோ அவர்களில் ஒருவரையாவது, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கத் தோன்றவில்லை!

அன்றிரவு விடுதியில் எங்களுக்குள் பெரிய தர்க்கம் நடந்தது. நோயாளியுடன் துணைக்கு வருகிறவரின் சாப்பாட்டுக்கும், நின்றுபோன கூலியில் ஒரு பகுதிக்கும் இந்தப் பணம் பயன்பட வேண்டும் என்றார்கள் சிலர். "மருந்துக்கென்று வாக்குக் கொடுத்து வாங்கிய பணம், மாற்ற நமக்கு என்ன அதிகாரம்?" என்றார் தமிழாசிரியை. அவர் சொன்னதே சரியென்று பட்டது. எனவே பணத்தை யாரிடமும் ஒப்படைக்காமல் ஊர் திரும்பி, 84 பேருக்கும் விஷயத்தை விளக்கிக் கடிதம் எழுதினோம். 79 பேர் சம்மதித்தார்கள். அவர்களுடைய 59,250 ரூபாயைக் காஞ்சியிலுள்ள ஓர் ஆசிரிய நண்பர், வரவு செலவுக் கணக்கு எழுதி, நெசவுக் குடும்பங்களுக்குக் கொடுத்து வருகிறார். மற்ற ஐவருடைய 3,750 ரூபாய் மருந்துக்கே சென்றது. தொகை பெரிதல்ல, சில குடும்பங்களுக்குச் சில வாரங்கள் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

பணத்தை வீட்டிலிருந்தபடியே அனுப்பியிருக்கலாமே, உடம்பை வருத்திக்கொண்டு போவானேன் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது. வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

"பஸ் ஓடவில்லையா?" என்று கேட்ட நண்பர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. பஸ் ஓடுகிறது. 2021 முதல் சர்க்காரின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. நிற்பது தறிதான்.