ஒரு பாட்டில் ஹைப்போ



போன வாரம் ஒரு போன். "சார், இந்த மாசத்தோட ரிட்டயர்டு ஆகறனுங்க." எங்கள் பள்ளியில் படித்து, கால்நடை மருத்துவராகி, சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரி ஊர்களிலேயே காலம் கழித்த என் மாணவர். பெயர் போட வேண்டாம் என்றார். அதனால் போடவில்லை.

1979-ல் அவர் ஒன்பதாம் வகுப்பு. மேச்சேரிப் பக்கம் வீடு. அப்பாவுக்கு நாற்பது செம்மறி. ஐப்பசி மழை பெய்து காடெல்லாம் பச்சை பிடித்த நேரம், நாலு நாள் பையன் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவனைக் காரணம் கேட்டேன். "துள்ளுமாரிங்க சார்" என்றான். பொய் என்று நினைத்து இரண்டு பிரம்படி கொடுத்தேன். அந்த நாலு நாளில் அவர்கள் பட்டியில் பதினாறு உருப்படி செத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அறிவியல் வாத்தியார் நான். துள்ளுமாரி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

பின்னாளில் அவரே எனக்குப் பாடம் நடத்தினார். அந்தக் கிருமி ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருக்கும். வறட்சியில் காய்ந்து கிடந்த ஆடு திடீரென்று இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் கிருமி பெருகி விஷம் கக்கும். நன்றாகத் தின்று கொழுத்த குட்டிதான் முதலில் போகும். துள்ளி விழுந்து சாவதால் துள்ளுமாரி. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் 1978-லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஊசி என்ற பேச்சே அவர் அப்பா காதுக்கு வந்திருக்கவில்லை.

பிளஸ் டூ முடித்து சென்னை வேப்பேரியில் படித்தார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்து மருந்தகத்துக்கே மாற்றலாகி வந்தார். ஒரு வறட்சி வருடம். பிளஸ் டூ செய்முறை வகுப்பில் இருக்கிறேன், பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார். "சார், லேப்ல ஹைப்போ இருக்குங்களா?" சோடியம் தயோசல்பேட். அயோடின் கரைசலோடு தரம்பார்க்க வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான். பாட்டிலோடு நானும் பைக்கில் ஏறினேன்.

கணவனை இழந்த ஒரு அம்மாவின் பதினொரு ஆடுகள். அறுத்த சோளத் தாளில் துளிர்த்து, தண்ணீர் இல்லாமல் வாடி நின்றதை மேய்ந்துவிட்டன. இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் சைனைடு விஷம் உண்டாகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. நாங்கள் போகும்போதே இரண்டு செத்துக் கிடந்தன. மற்றவை மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தன. கைவசம் இருந்த ஊசி மருந்தை அதற்குள் போட்டுத் தீர்த்திருந்தார். வயிற்றுக்குள் இன்னும் ஊறும் விஷத்துக்காக ஹைப்போவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் ஒவ்வொன்றுக்கும் வாயில் ஊற்றினார். அந்த உப்பில் இருக்கும் கந்தகம் சைனைடோடு சேர்ந்து, சிறுநீரில் போய்விடும் வேறு பொருளாக மாற்றிவிடுமாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கிடா தட்டுத் தடுமாறி எழுந்தது. ஏழு பிழைத்தன. அந்த அம்மா எழுந்து நின்ற ஆடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தார். அத்தனை வருடம் நான் நடத்திய பாடம் அது. அதற்கு இப்படி ஒரு பயன் இருப்பதை என் மாணவரிடம் கற்றேன்.

அவருக்கு ஒரு குறை உண்டு. வெக்கை நோய் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2011-ல் அது உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதன் தம்பி மாதிரி ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே நம் விழுப்புரம் பக்கம் அரசூரில், 1987-ல். அதை 2030-க்குள் ஒழிப்பதாக உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. "அதையும் முடிச்சுட்டுப் போலாம்னு பாத்தனுங்க சார், வயசு விடல" என்றார். ஆடு மேய்ச்சலுக்குப் போகும் முன் பட்டியிலேயே பிடித்து ஊசி போட, விடியற்காலை ஐந்து மணிக்கே போய் நிற்பவர் அவர்.

அன்று அடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நாற்பத்தைந்து வருடமாகக் கேட்காமல் இருந்தது.

"எடது கைங்க சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒருத்தரு காரணம் சொன்னா, மொதல்ல பட்டியப் போய் பாத்துட்டுத்தான் பேசுவனுங்க" என்றார்.

மன்னித்துக்கொள்ளப்பா என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஆடு வைத்திருக்கும் பிள்ளைகளே, மழைக்கு முன் ஊசி போட்டுவிடுங்கள். வாடிய சோளக் காட்டில் மேய விடாதீர்கள். ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளே, வராத பையனை அடிப்பதற்கு முன் அவன் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்