கடைப்பெயர் தாங்கிய ரேடியோகிராம்: மலையகத்தில் வயதறிதலும் மீட்டெடுத்தலும்

ரேடியோகிராம் என்பது வானொலியையும் இசைத்தட்டுச் சுழற்றியையும் ஒரே மரப்பேழைக்குள் அமைத்து, இரண்டின் ஒலியையும் பொதுவான ஒரு பெருக்கியின் வழியே வெளியிடும் கருவியாகும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மின்சாரம் எட்டாத காலத்தில், இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் இது தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்கும் கிளப்புக்கும், அரிதாக டீமேக்கர், பெரிய கிளாக்கர் போன்றோரின் குவார்ட்டர்ஸுக்கும் உரிய பொருளாக இருந்தது. லயத்து வீடுகளுக்கு வானொலி பரவலாக வந்தது 1960களில், பேட்டரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டியின் உருவில்தான். அக்காலத்து ரேடியோகிராம்கள் இன்று பழம்பொருள் கடைகளிலும் தோட்டத்துக் களஞ்சியங்களிலும் கிடைக்கின்றன. அவற்றுள் பழுதுபார்ப்பவரை அதிகம் திணறவைப்பவை, முகப்பில் உற்பத்தியாளரின் பெயருக்குப் பதிலாகக் கடையொன்றின் பெயரைத் தாங்கியவையே. அந்தப் பெயரைக் கொண்டு சுற்றுப்படத்தையோ மாதிரி எண்ணையோ தேடினால் பெரும்பாலும் எதுவும் அகப்படாது; ஆனால் பேழைக்குள் இருக்கும் ஒவ்வோர் உறுப்பும் தன் காலத்தைத் தானே கூறும் என்பதால், முறையாக வாசிக்கத் தெரிந்தவருக்கு அக்கருவி ஊமையானதன்று.

கடைப்பெயர்க் கருவிகள் தோன்றிய காரணத்தை அறிவது இவ்வாசிப்பின் முதற்படியாகும். பெரிய விற்பனை நிறுவனங்கள், தமக்கெனத் தொழிற்சாலை இல்லாத நிலையிலும், வேறோர் உற்பத்தியாளரிடம் கருவியைச் செய்வித்துத் தம் பெயரில் விற்றன. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனத்தின் சில்வர்டோன் பெட்டிகள் இத்தகையவை. உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டகத்தின் எண்ணில் முன்னிருக்கும் மூன்று இலக்கங்களைக் கொண்டு, உண்மையில் செய்தளித்த நிறுவனத்தை அறிய முடிகிறது. இங்கிலாந்தின் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கொள்வனவுக்கேற்பப் பங்காதாயம் வழங்கியது. நிர்ணயித்த சில்லறை விலையை இது மறைமுகமாகக் குறைக்கிறது என்று கூறி வானொலி உற்பத்தியாளர்கள் அச்சங்கத்துக்குப் பெட்டிகளை வழங்க மறுத்தபோது, 1933இல் அது டிஃபையன்ட் என்ற சொந்தப் பெயரில் வானொலிகளை விற்கத் தொடங்கியது. எதிர்த்து நிற்பவர் என்று பொருள்படும் அப்பெயருக்குப் பின்னால் உட்கருவியைச் செய்தளித்தது பிளெஸ்ஸி நிறுவனம். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களையும் உடைமையாகக் கொண்டிருந்த சங்கம் அது என்பதை எண்ணும்போது, கடைப்பெயர் என்ற வணிக முறை மலையகத்துக்கு முற்றிலும் அந்நியமான செய்தி அன்று என்பது விளங்கும்.

எனவே ஒரு பேழையில் மூன்று வேறு பெயர்கள் இருக்கக்கூடும்: விற்றவரின் பெயர், வணிகக் குறியாக இட்ட பெயர், செய்தவரின் பெயர். இவற்றுள் முதலிரண்டும் எளிதில் குழம்புபவை. 1844இல் தொடங்கப்பட்டு நுவரெலியாவிலும் கடை நடத்திய கார்கில்ஸ் போன்ற நிறுவனங்கள் தோட்டத்துரைமாருக்கு வேண்டிய பல பொருட்களையும் வழங்கின. இத்தகைய விற்பனையாளர்கள் தாம் விற்ற கருவியின் மூடியின் உட்புறத்திலோ பின்பலகையிலோ சிறு தகடொன்றைப் பதிப்பது பொதுவான வழக்கம். திருகாணியால் பின்னர் பொருத்திய தகடு விற்றவரைக் குறிக்கிறது. அலைவரிசைக் கண்ணாடியில் அச்சாகவே அமைந்த பெயர், கருவி தொழிற்சாலையை விட்டு வெளிவரும் முன்னரே இடப்பட்டதாகையால் வணிகக் குறியாகிறது. முன்னதைக் கண்டு கடைப்பெயர்க் கருவி என்று முடிவுகட்டினால் தேடல் முழுவதும் தவறான திசையில் செல்லும்.

வயதறிதலின் அடிப்படை விதி ஒன்றே: முதலிலிருந்தே அக்கருவியில் இருந்த உறுப்புகளுள் மிகப் பிந்திய காலத்தது எதுவோ, அதற்கு முன் அக்கருவி செய்யப்பட்டிருக்க முடியாது. இவ்விதியைப் பயன்படுத்த, எது மூல உறுப்பு, எது பின்னர் மாற்றியது என்று பிரித்தறிய வேண்டும். தொழிற்சாலையில் பற்றாசு வைத்த இணைப்பில் கம்பி முனை இணைப்புக் காதைச் சுற்றி முறுக்கப்பட்டு ஒரே சீராக இருக்கும். பிற்காலப் பழுதுபார்ப்பில் பழைய கம்பித்துண்டின் மேலேயே புதிய உறுப்பு ஒட்டப்பட்டிருக்கும். மரப்பலகையில் நிறம் மங்காத வட்டமோ வெற்றுத் திருகாணித் துளையோ இருந்தால், அவ்விடத்தில் முன்பு வேறோர் உறுப்பு இருந்தது என்பது தெளிவு. ஆகவே தூசு தட்டுவதற்கும் முன்பாக, எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்து, தென்படும் எண்களையும் முத்திரைகளையும் எழுதிவைத்துக்கொள்வது இத்தொழிலின் முதற்கடமையாகிறது.

உறுப்புகளுள் மிகுதியாகப் பேசுவது வால்வு. கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடத்தில் மின்னணுக்களைப் பாயச்செய்து சமிக்ஞையைப் பெருக்கும் இவ்வுறுப்பின் பெயரே ஒரு குறிப்பேடாக அமைந்துள்ளது. பிலிப்ஸ், முல்லார்ட் ஆகிய நிறுவனங்கள் கையாண்ட முறையில், முதலெழுத்து சூடேற்றிழையின் மின் தேவையையும், அடுத்த எழுத்துகள் வால்வின் பணியையும், எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தின் வகையையும் குறிக்கின்றன. மூன்று எனத் தொடங்கினால் எட்டு முள் கொண்ட ஆக்டல் அடி. நான்கு எனில் 1940களின் பிற்பகுதியில் வந்த ரிம்லாக் அடி. எட்டு எனில் 1950களில் பரவிய, ஒன்பது மெல்லிய முட்களைக் கொண்ட நோவல் அடி. இதன்படி ஈசிஎச் 35 கொண்ட சட்டகம் 1930களின் இறுதியிலிருந்து போருக்குப் பிந்திய சில ஆண்டுகள் வரையிலும், ஈசிஎச் 42, ஈஎல் 41 இணை கொண்டது ஏறத்தாழ 1948க்கும் 1954க்கும் இடையிலும், ஈசிஎச் 81, ஈஎல் 84 இணை கொண்டது 1953 வாக்கிலோ அதற்குப் பின்னரோ அமைகின்றன. வால்வு மாற்றப்பட்டிருக்கலாம், ஆனால் அதைத் தாங்கும் குழிவு சட்டகத்தோடு தறையாணி அடித்துப் பொருத்தப்பட்டது என்பதால், வால்வைவிடக் குழிவின் வகையே நம்பத்தக்க சான்றாகும்.

அடுத்து நோக்கத்தக்கது இசைத்தட்டுச் சுழற்றி. நிமிடத்துக்கு 78 சுற்று மட்டுமே சுழலும் கருவி பெரும்பாலும் 1950க்கு முந்தியது. ஏனெனில் 33⅓ சுற்று நெடுந்தட்டு அமெரிக்காவில் 1948இலும் 45 சுற்றுத் தட்டு 1949இலும் வெளிவந்து, நெடுந்தட்டு பிரிட்டனை 1950இல்தான் அடைந்தது. மூன்று வேகங்கள் கொண்டவை 1950களின் முற்பகுதியையும், 16 சுற்றையும் சேர்த்து நான்கு வேகங்கள் கொண்டவை அப்பத்தாண்டின் நடுப்பகுதியையும் அதற்குப் பிந்திய காலத்தையும் காட்டுகின்றன. இருவழி ஒலி எனப்படும் ஸ்டீரியோத் தட்டுகள் 1958இல் விற்பனைக்கு வந்தவை என்பதால், ஸ்டீரியோவுக்கென இரு பெருக்கிகள் கொண்ட கருவி பெரும்பாலும் அவ்வாண்டுக்கு முந்தியதாக இராது. தட்டுகளைத் தானாக மாற்றும் பொறியைப் பெரும்பாலான ரேடியோகிராம் உற்பத்தியாளர்கள் காரார்ட், கொலாரோ, பிஎஸ்ஆர் போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கியே பொருத்தினர். அதன் அடியிலுள்ள மாதிரி எண் கடைப்பெயரால் மறைக்கப்படாத சான்றாக நிற்கிறது. ஆனால் ஊசித்தலையைச் சான்றாகக் கொள்ளலாகாது. அக்காலத்து ஊசித்தலைகள் பலவற்றில் ரோசெல் உப்பு எனப்படும் படிகம் இருந்தது. ஈரத்தில் கரையும் இயல்புடைய அப்படிகம், தென்மேற்குப் பருவமழையிலும் மூடுபனியிலும் நனைந்து நிற்கும் ஹட்டன், மஸ்கெலியாச் சரிவுகளில் நெடுங்காலம் தாங்குவதில்லை. அங்கு இன்று உயிரோடிருக்கும் ஊசித்தலை பெரும்பாலும் பின்னர் மாற்றியதாகவே இருக்கும்.

அலைவரிசைக் கண்ணாடி கருவியின் காலத்தோடு அது வந்த வழியையும் கூறுகிறது. நெட்டலையும், லைட், ஹோம், தேர்ட் ஆகிய பிபிசி சேவைகளின் பெயர்களும் அதில் இருந்தால், அது பிரிட்டிஷ் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. தேர்ட் சேவை 1946இல் தொடங்கி, இப்பெயர்கள் 1967இல் மாற்றப்பட்டன என்பதால் காலமும் அந்த எல்லைக்குள் அடங்குகிறது. இலங்கையில் நெட்டலையால் பயனில்லை. ஆகவே இத்தகைய கருவி, பணிக்கு வந்த துரையொருவரின் வீட்டுச் சாமான்களோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக, நெட்டலை இன்றி, 13 மீற்றரிலிருந்து 49 மீற்றர் வரையான சிற்றலைகள் பல பட்டைகளாக விரித்துக் காட்டப்பட்டிருந்தால் அது ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டது. லண்டன் ஒலிபரப்பைத் தொலைதூரத்தில் கேட்க வேண்டியிருந்த தோட்டத்துரைமாருக்கு இச்சிற்றலைப் பட்டைகளே முதன்மையாக வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் கருவிகளில் அதிர்வெண் கிலோசைக்கிள் என்று குறிக்கப்பட்டிருப்பது முந்திய காலத்தையும், கிலோஹேர்ட்ஸ் என்று குறிக்கப்பட்டிருப்பது 1960களையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சுட்டும்.

மலையகத்துக்கே உரிய சான்று மின்வழங்கலில் உள்ளது. தேசிய மின்வழங்கல் பரவும் முன்னர், நீர்ச்சுழலியாலோ எண்ணெய் எஞ்சினாலோ இயங்கிய தோட்டத் தொழிற்சாலையின் மின்பிறப்பாக்கியிலிருந்தே பங்களாக்கள் ஒளி பெற்றன. நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கிய பின்னரே இந்நிலை படிப்படியாக மாறியது. சொந்த மின்பிறப்பாக்கி நேரோட்டம், அதாவது ஒரே திசையில் பாயும் மின்னோட்டம், வழங்கிய இடத்தில் நிலைமாற்றி கொண்ட சாதாரண வானொலி இயங்காது. யூ என்ற எழுத்தில் தொடங்கும் யூசிஎச் 42, யூஎல் 41 போன்ற வால்வுகள், சூடேற்றிழைகளை ஒரே தொடராக இணைத்து இருவகை மின்னோட்டத்திலும் இயங்குமாறு அமைந்தவை. திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டத்தில் மட்டும் இயங்கும் மோட்டார் கொண்ட சுழற்றிக்கோ தனியான மாற்றுப்பொறி தேவைப்பட்டது. பின்பலகையில் பின்னர் துளைத்த வழி, கூடுதல் ஆளி, வெப்பத்தால் கருகிய மின்தடை ஆகியவை தென்பட்டால், அவற்றை அழகைக் கெடுக்கும் குறைகளாகக் கருதி அகற்றாமல், அத்தோட்டத்தின் மின்வரலாறு பதிந்த தடங்களாகக் கருதிக் குறித்துவைக்க வேண்டும். இருவகை மின்னோட்டத்திலும் இயங்கும் கருவிகளில் உலோகச் சட்டகமே மின்னோட்டத்தைத் தாங்கும். குமிழ்களின் திருகாணிகூட உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை இப்பணியில் இறங்குபவர் ஒருபோதும் மறக்கலாகாது.

இவற்றுக்குப் பின், நுணுகிய குறியீடுகள் ஆண்டைக் குறுக்குகின்றன. 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்திய முல்லார்ட் வால்வுகளின் கண்ணாடியில் பொறித்த இரண்டாம் வரியில், முதலெழுத்து தொழிற்சாலையையும் அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அதற்கடுத்த எழுத்து மாதத்தையும் குறிக்கும். பி என்பது பிளாக்பர்ன் தொழிற்சாலை. ஏழு என்ற இலக்கம் 1957ஐயோ 1967ஐயோ குறிக்கலாம் என்பதால், இது தனித்து முடிவு தராது. நோவல் குழிவுகளும், நான்கு வேக ஒருவழிச் சுழற்றியும், கிலோசைக்கிளில் குறித்த சிற்றலைப் பட்டைகளும் கொண்ட கருவியில் அவ்விலக்கம் காணப்பட்டு, அவ்வால்வு மூல உறுப்பாகவும் இருக்குமானால், 1957ஆம் ஆண்டே பொருந்தும். ஒலிபெருக்கியின் சட்டத்திலோ கூம்பிலோ உள்ள நாள் முத்திரையும் மின்னேற்றத்தைச் சேமிக்கும் பெரிய கொள்ளளவிகளின் மேலுறையில் அச்சிட்ட மாத ஆண்டும் இதை உறுதிப்படுத்தும். ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள் ஒத்துவரும் வரை ஆண்டைக் கூறாதிருப்பதே நேர்மையான முறை. காலமும் சட்டக அமைப்பும் தெளிவான பின், அதே உற்பத்தியாளர் தன் சொந்தப் பெயரில் விற்ற இணையான மாதிரியின் சுற்றுப்படத்தைத் தேடி ஒப்பிட்டால், கடைப்பெயருக்குப் பின்னாலிருந்தவர் பெரும்பாலும் வெளிப்படுவார்.

மலையகக் கருவிகளில் மூல உறுப்புகளும் மாற்று உறுப்புகளும் மிகுதியாகக் கலந்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பெனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபோது பங்களாக்கள் கைமாறின. இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அதே காலத்தில் புதிய வால்வு கிடைப்பது அரிதாக இருந்ததால், கையில் கிடைத்ததைக் கொண்டு கருவியை இயங்கவைத்த ஊர்த் தொழிலாளரின் திறமையை இன்றும் அச்சட்டகங்களில் காணலாம். அம்மாற்றங்களை இழிவாகக் கருதுவது தவறு. கருவியின் இரண்டாம் வாழ்க்கைக்கு அவையே சான்றுகள்.

மீட்டெடுக்கும் பணி இவ்வாசிப்பு முடிந்த பின்னரே தொடங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய மெழுகுக் காகிதக் கொள்ளளவிகள் மின்னைக் கசியவிடும். வெளியீட்டு வால்வுக்குச் சமிக்ஞையைக் கடத்தும் கொள்ளளவி கசிந்தால் அந்த வால்வும் அதனோடு வெளியீட்டு நிலைமாற்றியும் எரிந்துபோகும். ஆகவே பல ஆண்டுகள் உறங்கிய கருவியை நேரடியாக மின்னில் இணைக்காமல், முதலில் அக்கொள்ளளவிகளை மாற்றி, பின் தொடரில் ஒரு மின்விளக்கை இணைத்துச் சோதிப்பதே பாதுகாப்பு. பழைய கொள்ளளவியின் உறையைக் குடைந்து புதியதை உள்ளே வைப்பதால் தோற்றமும் நாள் முத்திரையும் காக்கப்படுகின்றன. விலங்குப் பசையால் ஒட்டிய மெல்லிய மேலொட்டு மரத்தகடு ஈரத்தில் உரிந்திருந்தால், மிதமான வெப்பத்தில் அப்பசையை இளக்கி அழுத்தியே மீண்டும் ஒட்டலாம். முழுவதையும் உரித்து நவீன மெருகு பூசினால், செய்தவரின் அடையாளமாகிய மெருகும் காகித முத்திரைகளும் சேர்ந்தே அழிந்துவிடும்.

மலையகத்தின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் கம்பெனிக் கணக்கேடுகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அடங்கிவிட்டது. பங்களாவிலும் குவார்ட்டர்ஸிலும் மக்கள் எதைக் கேட்டார்கள், எந்த மின்சாரத்தில் கேட்டார்கள், பழுதானபோது யார் சரிசெய்தார்கள் என்பதற்கு இக்கருவிகளே எஞ்சிய ஆவணங்கள். இத்தகைய பேழை ஒன்றை வைத்திருப்போர், அதை விற்பதற்கோ பழுதுபார்க்கக் கொடுப்பதற்கோ முன்பாக, பின்பலகையைக் கழற்றி, மின்னில் இணைக்காமலே, கண்ணில்படும் எண்கள், முத்திரைகள், தகடுகள் அனைத்தையும் படமெடுத்து, அது எந்தத் தோட்டத்திலிருந்து யார் கைவழி வந்தது என்ற செய்தியோடு எழுதி, அத்தாளைப் பேழைக்குள்ளேயே வைக்க வேண்டும். மாற்றிய பழைய உறுப்புகளையும் தொழிலாளரிடமிருந்து கேட்டுப் பெற்று அதனோடு காக்க வேண்டும்.