உள்ளேன் ஐயா

திக்கிப் பேசுகிறவர்களுக்கு உலகத்திலேயே கடினமான சொல் அவரவர் பெயர்தான். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது. 'தண்ணீர்' வராதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் 'குடிக்க ஏதாவது' என்று கேட்கலாம். 'பால்' சிக்கினால் டீ குடித்துவிட்டுப் போகலாம். பஸ்ஸில் இறங்கவேண்டிய ஊரின் பெயர் வாயில் வராது என்று தோன்றினால் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கி, நம் ஊரிலேயே இறங்கிக்கொள்ளலாம். சில ரூபாய்தான் நஷ்டம். பெயருக்கு மட்டும் மாற்றுச்சொல் கிடையாது.

எங்கள் பள்ளியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். அந்த 'உ'வில் நான் நின்றுவிடுவேன். ஆசிரியர் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், வகுப்பு சிரிக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து கையை மட்டும் தூக்கினேன். பன்னிரண்டு வரைக்கும் அது போதுமானதாக இருந்தது. வீட்டிலும் வைத்தியம் நடந்தது. அம்மா கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னாள். பாட்டி வசம்பை உரைத்து நாக்கில் தடவினாள். வசம்புக்கு எங்கள் பக்கத்தில் 'பேர் சொல்லாதது' என்றுதான் பெயர். தன் பெயரைச் சொல்ல முடியாதவனுக்குப் பேர் சொல்லாத மருந்து. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அப்படி அமைந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் மென்பொருள் வேலைக்கு வந்தேன். தட்டச்சு செய்தால் போதும் என்று நினைத்து வந்த துறையில் தினமும் காலையில் ஸ்டேண்ட்-அப் மீட்டிங் இருந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம். என் நிமிடம் மட்டும் கொஞ்சம் நீளமானது.

என்னைவிட ஒன்பது வயது இளையவள் என் தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கப்போகிறேன் என்றாள். செவித்திறனும் பேச்சும் மொழியும் சேர்ந்த இளங்கலைப் படிப்பு. ஒரு வருடப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு வருடம். முடித்தபின் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொண்டால்தான் தொழில் செய்யலாம். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குத்தான் முதலில் முயன்றாள். கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. "பேச்சுக்குன்னு ஒரு படிப்பா? அப்ப பட்டிமன்றத்துக்குப் போவியாம்மா?" என்று பெரியப்பா கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்காகத்தான் இதை எடுத்தாள் என்று அம்மா இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறாள். தங்கையிடம் கேட்டால், "எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நெனச்சுக்காதண்ணா. எனக்கு பயாலஜி பிடிக்கும், ரத்தம் பிடிக்காது. அவ்ளோதான்" என்பாள்.

ஆனால் அந்தப் படிப்பு என் வாழ்க்கைக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. 'ப்ராட்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் எழுதியது. ஒலியைப் பதிவு செய்தால் அதன் அதிர்வெண்களைச் சாம்பல் நிறப் பட்டைகளாகப் படம் போட்டுக் காட்டும். அதன் பின்னால் ஓடுவது ஃபூரியே உருமாற்றம். 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' தாளில் பதினாறு மார்க்குக்காக நான் மனப்பாடம் செய்த அதே கணக்கு. ஒருநாள் என் குரலைப் பதிவு செய்து காட்டினாள். சொற்கள் கரும்பட்டைகளாக ஓடின. நடுவில் ஓர் இடத்தில் வெள்ளை. "இது என்ன?" என்றேன். "நீதான். ப்ளாக். ஒன்றரை செகண்ட்" என்றாள். நான் அதை எப்போதும் அரை மணி நேரம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடத்தில் ஒலியியல் வகுப்பில் 'வாழைப்பழம்' என்று வாசிக்கச் சொன்னார்களாம். எங்கள் தெற்கத்தி வழக்கப்படி 'வாளப்பளம்' என்று வாசித்தாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியை அதையே பாடமாக்கினார். தெற்கே வளர்ந்த குழந்தை 'பளம்' என்று சொன்னால் அது வட்டார வழக்கு. வீட்டில் எல்லாரும் 'பழம்' என்று சொல்லும்போது ஏழு வயதுக் குழந்தை மட்டும் 'பதம்' என்று சொன்னால், அதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலக் குழந்தைகளுக்காகச் செய்த தேர்வுத்தாளை மொழிபெயர்த்தால் போதாது. 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிற மொழி நம்முடையது. "எங்க ஊர்ப் பிள்ளைகளை டெஸ்ட் பண்ண எங்க ஊர்க்காரங்கதான் வேணும்ணா" என்றாள். பள்ளிக்கூடத்தில் வேலை செய்யவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வருடத்தில் ஒரு விசித்திரமான வீட்டுப்பாடம் வந்தது. மாணவர்கள் வெளியே போய், முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் வேண்டுமென்றே திக்கிப் பேசிவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள், தனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். பல நாடுகளில் இந்தத் துறை மாணவர்களுக்கு இது வழக்கமான பயிற்சி. அமெரிக்காவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பர் தானே திக்கியவர். திக்கலை ஒழிப்பது மட்டும் இலக்கல்ல, பயமில்லாமல், முட்டி மோதாமல் திக்கவும் கற்றுக்கொள்ளலாம் என்றவர். வேண்டுமென்றே திக்குவதும் அவருடைய சிகிச்சையில் ஒரு பகுதி.

"நீயும் வா, தனியாப் போகப் பயமா இருக்கு" என்றாள். பரங்கிமலை ரயில் நிலையத்துக்குப் போனோம். கிளம்பும் முன் ஒத்திகை பார்த்தாள். "ப-ப-ப-பார்க் ஒண்ணு."

"அது சினிமாவுல திக்குறது" என்றேன். "பாதி நேரம் சத்தமே வராது. உதட்ட மூடு. 'ப'வுக்கு மூடின மாதிரியே வச்சுக்கோ. தொறக்காத. மூச்ச உள்ளேயே அழுத்து. கண்ண எங்கயாவது கொண்டு போ. இப்ப பின்னாடி நிக்கிறவங்களை நெனச்சுக்கோ."

அவள் செய்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முப்பது வருடம் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லித் தரும்படி முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்.

கவுன்ட்டரில் இருந்தவர் அவள் 'ப'வில் நிற்கும்போதே "பல்லாவரமா, பார்க்கா?" என்று முடித்துக் கொடுத்தார். டீக்கடைப் பையன் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை விழுங்கினான். மருந்துக்கடைக்காரர் சத்தமாகவும் மெதுவாகவும் பேச ஆரம்பித்தார், அவளுக்குக் காது கேட்காது என்பதைப் போல. பூ விற்ற அம்மா மட்டும் கையில் முழம் போட்டபடியே காத்திருந்தார். சொல் வந்ததும் விலையைச் சொன்னார். அவ்வளவுதான். ஐந்தாவது ஆளிடம் போகாமல் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மெடிக்கல் ஷாப்காரர் என் மூஞ்சியப் பாக்கவே இல்லண்ணா. உன்னையத்தான் பார்த்தாரு."

"ம்."

"டெய்லி இப்படித்தானா?"

"டெய்லி இல்ல. பாதி நாள்."

பூக்கார அம்மாவைப் பற்றித்தான் அறிக்கையில் அதிகம் எழுதினாள்.

பயிற்சிக் காலத்தில் மருத்துவமனையில் இருந்தாள். வாரம் ஒருமுறை அம்மாக்கள் குழந்தைகளோடு இரண்டு பஸ் மாறி வருவார்கள். நாற்பத்தைந்து நிமிடம். ஏ.சி. அறை, படஅட்டைகள், அன்பான ஓர் அக்கா. குழந்தை அழகாகப் பேசும். அடுத்த வாரம் அம்மா சொல்வார்: "இங்கதான் மேடம் பேசுறான். ஸ்கூல்ல வாயே தொறக்கறதில்லையாம்." அறைக்குள் கற்றது அறைக்கு வெளியே போவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான கட்டம். மென்பொருள்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை. திக்கலுக்கு இது இன்னும் பொருந்தும். நாய்க்குட்டியிடம் பேசும்போது நான் திக்குவதில்லை. பாடும்போது திக்குவதில்லை. நான்கு பேரோடு சேர்ந்து வாசித்தால் திக்குவதில்லை. திக்குகிற பலருக்கும் இப்படித்தான். தனியாக, மற்றவர்கள் கேட்க, நேரத்துக்குள் பேச வேண்டியிருக்கும்போதுதான் வருகிறது. அதாவது வகுப்பறையில்.

அமெரிக்கா இதை 1975இலேயே சட்டமாக்கியது. பேச்சுக் குறையுள்ள குழந்தைக்குப் பொதுப்பள்ளியே இலவசமாக உதவி தரவேண்டும். அங்கே சட்ட விதிகளில் உள்ள வரையறையின் முதல் உதாரணமே திக்கல்தான். நம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சும் மொழியும் உண்டு. ஆனால் வரையறை நிரந்தரக் குறைபாட்டைப் பேசுகிறது. உதாரணங்கள் குரல்வளை அகற்றமும், மூளைப் பாதிப்பால் மொழி இழப்பதும். 'உ'வில் நிற்கிற ஆறாம் வகுப்புப் பையன் அதற்குள் பெரும்பாலும் பொருந்த மாட்டான். சான்றிதழ் இல்லாததால் கணக்கில் வர மாட்டான். குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் ஏதோ ஒரு வயதில் திக்குகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் மிஞ்சுகிறார். சுமார் ஐநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்த நாலைந்து பேரை யார் தேடுவது?

படிப்பு முடிந்தபோது ஒரு தனியார் தெரபி மையம் நல்ல சம்பளத்தோடு கூப்பிட்டது. கூடப் படித்த சிலர் முதுகலைக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பினார்கள். இவள் ஒரு தொண்டு நிறுவனம் மூலம், எங்கள் மாவட்டத்திலேயே மூன்று பள்ளிகளுக்குப் போகிற வேலையை எடுத்துக்கொண்டாள். சம்பளம் பாதிக்கும் கீழே. அப்பா இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. "நாலு வருஷம் படிக்க வச்சது பஸ்ல அலையவா?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கி முதல் சொல்லிலேயே நின்றேன். அவர் காத்திருந்தார். அவர் அப்படி எப்போதும் காத்திருப்பார், அதைச் சொல்ல வேண்டும். "அவ போ-போகட்டும்ப்பா" என்றேன். அவர் எழுந்து போய் அவளுடைய வண்டிக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்த வேலையில் அவளுக்குத் தனி அறை கிடையாது. ஒரு பள்ளியில் சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்துத் திண்ணை. இன்னொன்றில் நூலக அலமாரிக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. பாதி நேரம் குழந்தைகளோடு, மீதி நேரம் ஆசிரியர்களோடு. "கடைசியாக் கேட்கலாம்னு அவனை உக்கார வைக்காதீங்க சார். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் ஏறும். முதல் ரெண்டு பேருக்குள்ள கேட்டுருங்க." "அவன் சொல்லை நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க டீச்சர்." "மனப்பாடப் பாட்டை ரெண்டு பேராச் சேர்ந்து சொல்லச் சொல்லுங்க." கேட்கச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் இவற்றை மருத்துவமனையிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அந்த வகுப்பில் யார் எந்த பெஞ்சில் உட்கார்கிறார்கள் என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். சரியாகிவிட்டானா என்று கேட்டேன்.

"இல்லண்ணா, இன்னும் திக்குறான். ஆனா இப்ப சந்தேகம் கேட்குறான். போன வாரம் சயின்ஸ் சார்கிட்ட மூணு கேள்வி. சார் எங்கிட்ட வந்து, 'இவன் இவ்ளோ பேசுவான்னு தெரியாதும்மா, பாடத்தையே முடிக்க முடியல'ங்குறாரு."

அவளுடைய ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நிதி வந்தால் ஜூனில் புதுப்பிப்பார்களாம். அதற்குள் நான்காவது பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரைப் பார்க்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். நான் வாசித்து இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.