மிதியெண்ணெய்ப் பம்பு

உப்பு வணிகர் நெடுவழிச் செல்லுங்கால், ஓடும் அச்சு முறியினும் உதவுமென்று வண்டியின் அடியிலே மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர் என்பதை ஔவையாரின் 102ஆம் புறப்பாட்டால் அறிந்தோம். வகுப்பிலே அறிந்தது அவ்வளவே. அச்சையும் மூட்டையும் தேயாமற் காக்கும் எண்ணெயைப்பற்றி யாம் கற்றது கந்தர்வக்கோட்டையில், தஞ்சாவூர்ச் சாலையோரத்தே எம் தாய்மாமன் நடத்தும் மோட்டார்ப் பட்டறையிலாம். அஃது அஞ்சி நடுங்கிப் பெற்ற கல்வி.

சென்ற கோடை விடுமுறையில் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பழைய கார் அப்பட்டறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1930-களிற் செய்யப்பட்டது. ஓட்டுநரின் காலருகே, பிரேக்கு முதலியவற்றினின்றும் விலகி, சிறு மிதிகட்டை ஒன்று இருந்தது. அஃது எதற்கென்று வினவினோம்.

மோட்டார் வண்டியின் தொடக்க நாளில், சட்டகத்தின் கீழுள்ள மூட்டுக்கள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எண்ணெய்க் கிண்ணமோ கிரீஸ் மூடியோ இருந்தது. அவற்றை நிரப்ப ஓட்டுநர் அடிக்கடி வண்டியின்கீழ் மல்லாந்து கிடக்கவேண்டும். ஆகவே பெரும்பாலும் நிரப்பப்படாமலே போம். அமெரிக்கராகிய ஜோசப் பிஜூர் என்பார் 1920-களில் இதற்கொரு வழி கண்டார். எண்ணெய்க் கலம் ஒன்று, பம்பு ஒன்று, அங்கிருந்து மூட்டுதோறும் செல்லும் மெல்லிய குழாய்கள். வண்டி ஓடும்போதே காலால் ஒருமுறை மிதித்தாற் போதும். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் 1929-ல் வெளியிட்ட இரண்டாம் பாந்தம் வண்டியில் இம்முறையை மேற்கொண்டனர். மாமன் இதனைச் சொல்லக் கேட்டபோது, மேலுள்ள கிண்ணத்திலிருந்து ஏழு விளக்கிற்கும் குழாய்கள் செல்லக் கண்ட சகரியா தீர்க்கதரிசியின் தரிசனம் எம் நினைவிற்கு வந்தது. ஆனால் அங்கே குழாய் அடைபட்டதாகச் செய்தியில்லை.

இங்கோ அடைபட்டிருந்தது. மிதித்த கட்டை மெல்ல மேலெழுந்து ஓரிரு நிமிடத்திற்குள் தன் இடத்தை அடையவேண்டும். அது நாள் முழுதும் கீழேயே கிடந்தது. மூட்டுக்கள் உலர்ந்திருந்தன. பம்பினுள் இருக்கும் சுருள்வில் வலிகுன்றியதே காரணமென்று யாம் முடிவு செய்தோம். மாமன் புதுக்கோட்டைக்குச் சென்றிருந்த ஒருநாள், வலிய வில்லொன்றைத் தேடியெடுத்துப் பம்பினுள் இட்டோம். அதனை அழுத்தக் கால்வலி போதாமையின், இரும்புத் துண்டொன்றைப் பற்றவைத்து மிதிகட்டையின் கையையும் நீட்டினோம். மிதித்தோம். கட்டை விரைந்து மேலெழுந்தது! பம்பையே திருத்தி அமைத்துவிட்டதாகக் களித்தோம்.

மறுநாள் மாமன் வண்டியைத் தஞ்சாவூர்ச் சாலையில் ஓட்டிப்பார்த்தார், யாம் அருகிலிருந்தோம். ஒரு வளைவிலே திருப்பிய முன்சக்கரம் நேர்நிலைக்கு மீளவில்லை. எதிரே ஓர் ஆட்டுமந்தை. மாமன் முழுவலியுடன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதிக்க, வண்டி பள்ளத்தின் விளிம்பிலே நின்றது. ஆடு மேய்த்தவர் கூறியவை இம்மலரில் அச்சிடத் தக்கன அல்ல. மாமனோ ஒன்றும் பேசவில்லை. அதுவே எமக்குப் பெருந்துன்பமாயிற்று.

பட்டறைக்கு மீண்டதும் வண்டியின்கீழ் விளக்கைப் பிடித்துக் காட்டினார். எம் வலிய வில், பழங்குழாயின் இணைப்பு ஒன்றைப் பிளந்திருந்தது. எண்ணெய் முழுதும் அவ்வழியே தரையிற் கொட்டியிருந்தது.

"மடை உடைஞ்சா கடைமடைக்குத் தண்ணி ஏது மாப்பிள்ளை? கட்டை சீக்கிரம் எழும்புனா சந்தோஷப்படக்கூடாது, பயப்படணும்" என்றார்.

பிறகுதான் பிஜூரின் நுட்பம் எமக்கு விளங்கிற்று. கால் செய்வது வில்லை அழுத்துவதொன்றே. எண்ணெயைத் தள்ளுவது வில். மெல்ல மிதிப்பினும் ஓங்கி மிதிப்பினும் குழாயிற் செல்லும் அழுத்தம் ஒன்றே. மூட்டுதோறும் குழாயின் முனையில் நுண்துளையும் கம்பளித் துண்டும் அமைந்த அடைப்பான் ஒன்று உண்டு. எந்த மூட்டுக்கு எவ்வளவு என்பதை அத்துளையின் நுண்மையே அளக்கின்றது. கட்டை மெல்ல எழுவது குறையன்று. எல்லா முனைகளும் தத்தம் பங்கைப் பெறுகின்றன என்பதன் அடையாளமாம். எழாவிடின் அடைப்பு, பாய்ந்தெழுந்தால் உடைப்பு.

மாமன் பழைய வில்லையே மீட்டும் இட்டார். உண்மைக் குற்றம் பம்பின் அடியிலிருந்த கம்பளி வடிகட்டியில். பல்லாண்டுத் தூசி அதனைக் களிமண்போல் ஆக்கியிருந்தது. பம்பைக் கழற்றினாலன்றி அதனை எடுக்க இயலாது. ஆகையால் மாமன் ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தைக் கடைந்து, பம்பிற்கு வெளியே குழாயின் தொடக்கத்திற் பொருத்தி, வடிகட்டியை அதனுள் வைத்தார். இனி மரையாணி ஒன்றைத் திருகினால் வெளியே வந்துவிடும். அவர் செய்த திருத்தம் இவ்வளவே. எமது திருத்தத்தைப்போற் பார்ப்பதற்குப் பெருமையாக இல்லை.

அன்றிரவு மூட்டுக்களின் அடியிலெல்லாம் வெள்ளைத்தாளை விரித்து, மிதித்துவிட்டு உறங்கச் சென்றோம். விடியலில் இரண்டு தாள்கள் மட்டும் கறையின்றி இருந்தன. அவ்விரு முனைகளின் அடைப்பான்களையும் மாற்றினோம். மறுமுறை எல்லாத் தாளிலும் கறை கண்டோம். கட்டை மேலெழ எடுக்கும் நேரத்தைக் காலைக் குளிர்ச்சியிலேயே கணக்கிட்டுச் சுண்ணக்கட்டியாற் குறித்துவைத்தார் மாமன். நண்பகல் வெயிலில் எண்ணெய் இளகி விரைந்தோடுமாதலின் அந்நேரத்துக் கணக்கை நம்பலாகாதாம்.

இக்காலத்துக் கார்களில் மூட்டுக்கள் பெரும்பாலும் கிரீஸுடன் மூடி முத்திரையிட்டு வருகின்றன, மிதிகட்டைக்கு வேலையில்லை. பெரிய லாரிகளிலும் ஆலை இயந்திரங்களிலும் அதே முறை மின்விசையால் நடக்கின்றது. செட்டிநாட்டு வண்டி தன் ஊர் போய்ச் சேர்ந்தது. யாம் பற்றவைத்த இரும்புக் கையை மாமன் எறிந்துவிடவில்லை. அது பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கின்றது.