ஓடர் இல்லாத இரண்டு மாதம்

கடைசல் வேலை தெரிந்தவர் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புவார். சுழலும் மரத்தில் உளி சரியாகப் படிந்தால் சீரான மெல்லிய இரைச்சல் ஒன்று வரும். அந்தச் சத்தம் கொஞ்சம் தடித்தாலே, கணு வருகிறது அல்லது உளி மழுங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கொழும்பு கொச்சிக்கடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பலாக் கட்டை சுழலும். மஞ்சள் சீவல் நாடா நாடாவாகப் பட்டறை நடத்தும் பாஸின் முழங்கையில் வழிந்து விழும். பக்கத்தில் நிற்கும் பையன் உளியை வாங்கியதும் தன் பலத்தைக் காட்டுவான். "அமத்தாத தம்பி, அது தானா வெட்டும்" என்பார் பாஸ். உளியின் சாய்ந்த முகத்தை முதலில் மரத்தில் படியவிட்டு, பிடியை மெல்ல உயர்த்தினால் விளிம்பு சீவத் தொடங்கும். முனை முதலில் பட்டால் மரம் உளியைப் பிடுங்கிவிடும். இதை எழுதிப் புரியவைப்பது கடினம். பையனின் கைமேல் தன் கையை வைத்துத்தான் பாஸ் சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தப் பட்டறையில் எல்லாமே ஓடர் வேலை. கட்டில் கால், படிக்கட்டுத் தூண், பூரிக்கட்டை என்று வருபவர்கள் அளவையும் வடிவத்தையும் கையோடு கொண்டுவருவார்கள். ஒரே தூணை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கடைய வேண்டும். ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகக் கூடாது. சாதாரணத் திறமை இல்லை அது. ஆனால் சுவரோரம் ஒரு முதிரைக் குற்றி நெடுங்காலமாகக் கிடக்கிறது. அதில் ஓடும் வெடிப்பைத் தடவிக் காட்டி, "இத வெட்டி எறியாம, அப்படியே வச்சு ஒரு கிண்ணம் கடையணும்" என்பார் பாஸ். அதற்கு ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலுக்குக் கூலி தர ஆளில்லை.

அப்படிப்பட்ட பகல்களைக் கொடுப்பதற்கென்றே அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் ஏற்பாடு உருவானது. அல்பேர்ட் லெகோஃப் முன்னின்று 1986இல் அங்கே மரக்கடைசலுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கினார். இன்று அது மரக்கலை அருங்காட்சியகமாக வளர்ந்திருக்கிறது. 1995 முதல் அந்த நிலையம் கோடைகாலத்தில் பல நாட்டுக் கலைஞர்களை அழைத்து எட்டு வாரம் சேர்ந்து வேலை செய்ய வைத்தது. கடைபவர்களோடு ஆய்வாளரும் புகைப்படக்காரரும் இருப்பார்கள். முடிவில், செய்தவற்றை வைத்து ஒரு கண்காட்சி.

எட்டு வாரம் என்பது மரத்துக்குக் குறைந்த காலம். பச்சை மரத்தில் கிண்ணம் கடைபவர் வழக்கமாகச் சுவரைத் தடிப்பாக விட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, கோணியதை மறுபடி கடைந்து வட்டமாக்குவார். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர் முதலிலேயே மெல்லியதாகக் கடைந்து, காயும்போது மரம் இழுத்த இழுப்புக்கு விட்டுவிடுவார். கடையும்போது வட்டமாக இருந்தது சில நாளில் நீள்வட்டமாகும். விளிம்பு ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். ஓடர் வேலையில் அது கழிவு. ஓடர் இல்லாத பட்டறையில் நாலு பேர் அதைச் சுற்றி நின்று, அடுத்ததில் எந்தப் பக்கம் இழுக்கவைக்கலாம் என்று யோசிக்கலாம். ஒருவர் உளி தீட்டும் கோணத்தை இன்னொருவர் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். பகலில் வந்த சிக்கலை இராச் சாப்பாட்டில் வைத்துப் பேசித் தீர்க்கலாம். நேரமும் துணையும் ஒன்றாகக் கிடைத்தால்தான் இந்தத் தொழில் கலையாக வளரும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் பாஸுக்குத் துணை இருக்கிறது. நேரம் இல்லை.

இலங்கையிலும் ஒரு காலத்தில் நேரம் இருந்தது. கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாய்மாமன் மகன்தான் ஆனந்த குமாரசுவாமி. கண்டிப் பகுதிக் கைவினைகளைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. அரசருக்கும் விகாரைக்கும் செய்த சேவைக்கு ஈடாகக் கைவினைஞர் பலருக்கு நிலம் இருந்தது. சோறு நிலத்திலிருந்து வந்ததால், ஒரு பொருளை நிதானமாகச் செய்ய முடிந்தது. அந்த ஏற்பாட்டில் சாதிக் கட்டும் சேர்ந்தே இருந்தது. அது திரும்பி வர வேண்டாம். அது தந்த நிதானம் வேண்டும்.

அந்த நிதானத்தில் விளைந்ததுதான் அரக்குக் கடைசல். கடைந்த மரத்தைச் சுழலவிட்டு, நிறம் ஏற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு ஓலைத் துண்டால் ஒற்றித் தேய்த்தால் பளபளப்பு வரும். மாத்தளைப் பக்கம் இன்னொரு வகையும் உண்டு: இளக்கிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளி உருவம் பதிப்பார்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணாவில் பொம்மை கடைபவர்கள் இதே அரக்கைத் தாழை இலையால் மெருகேற்றுகிறார்கள். நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்திலோ மரச் சொப்பு கடைகிறார்கள். இவர்கள் ஒரு கூரையின் கீழ் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்தால் என்னென்ன பிறக்கும்!

ஆகவே கேட்கிறேன்: கொச்சிக்கடையில் ஒரு பழைய கிட்டங்கி, நாலைந்து லேத், இரண்டு மாதம். எங்கள் பாஸ், மாத்தளை அரக்குக்காரர், மொறட்டுவைத் தச்சர், அம்பாசமுத்திரத்துச் சொப்புக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து ஓவியம் படிக்கும் ஒரு பிள்ளை. மரத்துக்குப் பஞ்சமில்லை, காற்றுமழையில் சாயும் மாரா மரங்களும் மாமரங்களும் இருக்கின்றன. உண்மையான செலவு ஒன்றுதான்: அந்த இரண்டு மாதமும் அவரவர் வீட்டுக்கு நாட்கூலி தவறாமல் போய்ச் சேர வேண்டும். அதைக் கொடுக்காமல் கலையை வளர்க்கிறோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஏப்ரலில் தொடங்கினால் ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருநாளன்று கதவைத் திறந்துவிடலாம். அன்று எல்லா மதத்தவரும் இந்தத் தெருவுக்கு வருவார்கள். யாரும் ஓடர் கொடுக்காத ஒரு பொருளைத் தங்கள் ஊர்க் கைகள் செய்திருப்பதை அவர்கள் பார்க்கட்டும். கூட்டத்தில் வரும் சில பிள்ளைகளாவது உளியைப் பிடித்துப் பார்க்கக் கேட்பார்கள். கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பாஸ் அங்கே இருப்பார்.