அம்மா எழுதிய தேர்வு

பெற்றோரைப் பேணுதல் என்னும் தலைப்பில் எத்தனையோ முறை மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பித்திருக்கிறேன். முன்னுரை, பெற்றோர் பட்ட துன்பம், பிள்ளைகளின் கடமை, முடிவுரை எனக் கரும்பலகையில் குறிப்புச் சட்டகம் எழுதிப் போடுவேன். செலவு என்றொரு உட்தலைப்பு அதில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. நான் பணி ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த மறு ஆண்டே அம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. அதன் பிறகுதான் அந்த விடுபாடு எனக்குப் புலப்பட்டது.

சிங்கையில் முதியவரை இல்லத்திலேயே வைத்துப் பராமரிப்பதென்றால், வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பெரும்பாலும் பணிப்பெண் ஒருவரை அமர்த்துவது என்றே பொருள். சம்பளம், காப்புறுதி, உணவு, அரசுக்குத் திங்கள்தோறும் செலுத்தும் தீர்வை என அது விரியும். முதியவர் வாழும் வீட்டுக்கு அத்தீர்வையை 2015 மே முதல் 60 வெள்ளியாகக் குறைத்தார்கள். அது மெய்யாகவே பேருதவி. ஆயினும் அணையாடைக்கும் சத்துப்பாலுக்கும் மருத்துவமனைக்குச் சென்றுவரும் டாக்சிக்கும் ஆகும் செலவு தனி.

இந்த இடத்தில் என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் எல்டர்ஷீல்டு காப்புறுதி தொடங்கப்பட்டபோது, 40 முதல் 69 வயது வரையிலானோர் தாமாகவே அதில் சேர்க்கப்பட்டனர், விரும்பாதோர் விலகிக்கொள்ளலாம். கடும் உடற்குறை நேர்ந்தால் மாதம் 300 வெள்ளி, ஐந்தாண்டு வரை கிடைக்கும். அம்மாவுக்கு அப்போது வயது 63. "நான் ஒருவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கமாட்டேன், வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பாராட்டவும் செய்தார்.

எஞ்சியிருந்தது இல்லப் பராமரிப்பு மானியம். 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய அம்மானியத்தின் உச்ச அளவு 2023 மார்ச்சில் 400 ஆயிற்று. 2026 ஏப்ரல் முதல் அது 600 வரை உயரும் என 2025இல் அறிவித்தார்கள். வீட்டினர் அனைவரின் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவென வகுத்துப் பார்ப்பார்கள். என் மகன் வேலைக்குச் சேர்ந்த செய்தி கேட்டு மகிழ்ந்த அன்றிரவே, அவன் சம்பளத்தையும் சேர்த்து வகுத்துப் பார்த்தேன். தந்தைக்கு அழகில்லாத செயல்தான்.

பணக் கணக்கு ஒருபுறமிருக்க, உடலுக்கும் ஒரு கணக்குண்டு. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறனுள் மூன்றிலேனும் எப்போதும் பிறர் துணை வேண்டும். முன்னோடித் தலைமுறையினருக்கு மாதம் 100 வெள்ளி தரும் உடற்குறை உதவித் திட்டத்துக்கும் இதே மூன்றுதான். வாழ்நாளெல்லாம் தேர்வு நடத்திய எனக்கு, தோற்றவரே தேறியவராகும் தேர்வு புதிது.

அம்மாவுக்கோ அது தேர்வாகவே தோன்றிவிட்டது. மதிப்பீட்டாளர் வரும் நாளில் விடியற்காலையிலேயே பணிப்பெண்ணை எழுப்பித் தலைவாரிக்கொண்டார். கஞ்சியிட்ட பருத்திப் புடவையை உடுத்திவிடச் சொன்னார். வந்தவர் ஓர் இளம் சீனப் பெண், மிகுந்த பணிவுடையவர். "மண்டி செண்டிரி போலே?" என்று மலாயில் கேட்டார். தாமே குளிக்க முடியுமா என்பது கேள்வி. "போலே" என்றார் அம்மா. உடுத்த முடியுமா? "போலே." நடக்க? அம்மா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுந்து, நான்கு அடி வைத்துக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நான்கு அடிக்காக அன்று மாலை முழுதும் கால்வலியால் முனகினார்.

நான் அருகில்தான் நின்றிருந்தேன். அவர் சொல்வது உண்மையன்று என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கஞ்சியிட்ட அந்தப் புடவையைப் பார்த்தபின் வாய் வரவில்லை. தகுதியில்லை என்று கடிதம் வந்தது. பணிப்பெண்ணின் சம்பளத்துக்கு என் சேமிப்பைத் தொட்டேன். பிறகு மகனைக் கேட்டேன். கேட்கும்போது குரலைத் தாழ்த்தியதாகத்தான் நினைத்தேன். அடுத்த அறையில் அம்மா விழித்திருந்தார் போலும்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் விண்ணப்பித்தேன். இம்முறை அம்மா தலைவாரிவிடச் சொல்லவில்லை. வேறொரு மதிப்பீட்டாளர், அதே கேள்விகள். "மண்டி செண்டிரி போலே?" அம்மா சன்னலுக்கு வெளியே எதிர் அடுக்ககத்துத் துணிக்கழிகளைப் பார்த்தபடியே இருந்தார். மறுபடியும் கேட்டபோது, திரும்பாமல் என் பக்கம் கையைக் காட்டி, "தான்யா டியா" என்றார். அவனைக் கேள்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.